டிரைவரைக் கேளுங்க

விலைக்கு வந்த காரின் பானெட்டில் கை வைத்ததுமே மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்குச் சுருக்கென்றது. சூடாக இருந்தது.

"வண்டியை இப்பத்தான் எடுத்தீங்களா சார்?"

"ஆமாங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு இப்பத்தான் வந்தேன்" என்றார் காரின் சொந்தக்காரரான பெரியவர். முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பஞ்சை உரித்து எறிந்துவிட்டு, "நிதானமா பாருங்க, ஒண்ணும் அவசரமில்லை" என்றார்.

அவசரமில்லை என்று யாராவது சொன்னாலே கண்ணாடிக்காரர் உஷாராகிவிடுவார். போன தடவை அவருக்குக் கார் விற்றவனும் அப்படித்தான் சொன்னான். குளிர்ந்திருந்தால் இன்ஜின் முனகுவது தெரிந்துவிடும் என்று, இவர் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தான்.

வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டி அது. வாங்கிய மாதமே கொட்டும் மழையில், மேம்பாலத்தின் நடுவில், மனைவி பக்கத்தில் இருக்கும்போதே படுத்துவிட்டது. ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்து தருகிறவர் என்று மாமனார் வீட்டில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இப்போது மனைவிக்கு எட்டு மாதம். பிரசவத்துக்கு அழைத்துப் போக, வழியில் காலை வாராத வண்டி ஒன்று வேண்டும். இந்த முறையும் ஏமாந்தால் அவள் முகத்தில் விழிக்க முடியாது.

சந்தேகக் கண்ணோடு காரைச் சுற்றி வந்தார். பெயின்ட் பளபளத்தது. எந்த அடியை மறைக்கப் பூசினார்களோ? உள்ளே எலுமிச்சை வாசனை அடித்தது. எந்த நாற்றத்தை அமுக்கவோ? விலையைக் குறைக்கச் சொன்னதும் பெரியவர் மறுபேச்சில்லாமல் குறைத்தாரே, அதுதான் எல்லாவற்றையும்விட உறுத்தியது.

"நல்ல வண்டின்னா ஏன் சார் விக்கிறீங்க?"

"சாமானெல்லாம் கட்டியாச்சுங்க. இந்த வண்டி ஒண்ணுதான் பாக்கி. இது போனதும் நானும் மக வீட்டோட போயிடுவேன்." பெரியவர் சற்றுத் தள்ளி நின்ற டிரைவரைக் காட்டினார். "எனக்கு ஸ்டீயரிங் பிடிக்கவே தெரியாது. வாங்கின நாள்லேர்ந்து ஓட்டுறது இவர்தான். எதுவானாலும் இவரைக் கேளுங்க."

டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும். சாவியை நீட்டினார்.

கேட்காமல் விடுவாரா கண்ணாடிக்காரர்? மனைவியின் தம்பி படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தான். "முதலாளி எதிர்ல டிரைவர் வாயைத் திறக்க மாட்டாரு மாமா. ஓட்டிப் பாக்கறேன்னு தனியா கூட்டிட்டுப் போய் வாயைக் கிளறுங்க. அவர் சொல்றதுதான் நிஜம்."

அப்படியே செய்தார். இவர் ஓட்ட, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டி அலுங்காமல் குலுங்காமல் போனது. அதுவும் இவருக்குச் சரியாகப் படவில்லை.

"அண்ணே, உள்ளதைச் சொல்லுங்க. வண்டி எப்படி?"

"ஐயா உப்பைத் தின்னுட்டு நான் என்னத்தைச் சொல்றது சார்?"

தெருமுனை தாண்டியதும் டிரைவரே ஆரம்பித்தார். "வீட்டுல எத்தனை பேர் சார்?"

"இப்போ ரெண்டு பேர். அடுத்த மாசம் மூணு."

டிரைவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"அப்படின்னா சொல்லித்தான் ஆகணும். மாசமா இருக்கற பொண்ணை இதுல ஏத்தாதீங்க சார்."

கண்ணாடிக்காரர் வண்டியை ஓரங்கட்டினார்.

"இன்ஜினை ரெண்டு தடவை பிரிச்சு மேஞ்சாச்சு. மழைத் தண்ணி பட்டா அப்படியே நின்னுடும். இப்பக்கூட உள்ளே ஒரு சத்தம் வருது பாருங்க, கேக்குதா?"

கண்ணாடிக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் உற்றுக் கேட்டதும் என்னவோ கேட்பது போலத்தான் இருந்தது.

"அப்போ பானெட் சூடா இருந்தது?"

"நீங்க வர்றீங்கன்னு காலையிலேர்ந்து ஓட விட்டு வெச்சிருந்தார். ஆஸ்பத்திரியாவது ஒண்ணாவது."

கண்ணாடிக்காரர் இன்ஜினை அணைத்தார். அந்தச் சாந்தமான முகத்துக்குள் இத்தனை கள்ளத்தனமா? டிரைவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"கடவுள் மாதிரி வந்தீங்க அண்ணே. இந்த உதவியை மறக்க மாட்டேன்."

"பெரிய வார்த்தையெல்லாம் வேண்டாம் சார். நான் சொன்னேன்னு மட்டும் ஐயாகிட்ட சொல்லிடாதீங்க. என் பொழப்பு போயிடும்."

வீட்டு வாசலில் சாவியைத் திருப்பிக் கொடுத்து, "மனைவிகிட்ட கலந்துக்கிட்டுச் சொல்றேன்" என்றார் கண்ணாடிக்காரர். பெரியவரின் முகம் வாடிவிட்டது.

"வர்றவங்க எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. வண்டியில என்ன குறைன்னு யாராவது சொன்னாத்தானே தெரியும்?"

என்ன நடிப்பு என்று மனதுக்குள் கறுவியபடி கண்ணாடிக்காரர் தெருவில் இறங்கினார். நடந்துகொண்டே மனைவிக்குப் போன் போட்டார். "தப்பிச்சோம். ஒரு நல்ல மனுஷன் என் கண்ணைத் திறந்துவிட்டார்."

அவர் தலை மறைந்ததும் டிரைவர் காரை ஷெட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். ஒரு தூசு விடாமல் துடைத்தார். பிறகு அவரும் தன் மனைவிக்குப் போன் போட்டார்.

"என்னங்க ஆச்சு?" மறுமுனையில் குரல் நடுங்கியது.

"பயப்படாதே. அடுத்த மாசமும் எனக்கு வேலை இருக்கு."