விஷப்பூண்டு தின்ற பசு

பார்த்தீனியம் என்ற விஷச்செடியைத் தின்பதற்கென்றே ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட பசு அது. வேறெதையும் தொடாது. தாரணியும் அவள் கணவன் நந்தகுமாரும் அதை ஓட்டி வந்தபோது அவர்களுடைய வேலி போட்ட மேய்ச்சல் காடு முழுக்க அந்தச் செடியின் வெள்ளைப் பூதான். அதன் தூளில் நந்தகுமாருக்கு இழுப்பு வந்து, படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கிக்கொண்டிருந்தான்.

சில மழைக்காலங்களில் பசு காட்டைச் சுத்தமாக்கிவிட்டது. கொழுக்கட்டைப்புல் முழங்கால் உயரத்துக்கு எழுந்தது. மற்ற மாடுகள் கொழுத்தன. அந்தப் புல்லின் நடுவே இந்தப் பசு மட்டும் பட்டினி கிடந்தது. தாரணி புல்லை வெல்லத் தண்ணீரில் தோய்த்து வாயில் திணித்தாள். அது துப்பிவிட்டது.

“வேற எதுவும் செரிக்காதுங்க்கா. நல்ல புல்லத் தொடக்கூடாதுன்னுதான் இப்படிப் பண்ணியிருக்காங்க” என்றார் கால்நடை மருத்துவர். “வேலைதான் முடிஞ்சுதுங்களே, விட்டுருங்க.”

தாரணிக்கு மனம் கேட்கவில்லை. ரயில் பாதையோரம் அலைந்து ஒரு கட்டுப் பார்த்தீனியம் பிடுங்கி வந்தாள். காட்டு வாசலிலேயே நந்தகுமார் அதைப் பறித்துக்கொண்டான்.

“ஒரு விதை விழுந்தாப் போதும், மறுபடியும் காடே போயிரும். என்னையக் கொல்லப் பாக்கறயா?”

“ஒரு வாய் திங்கட்டுங்க. நமக்குத்தானுங்க உழைச்சுது.”

அவன் கட்டின்மேல் டீசலை ஊற்றிப் பற்ற வைத்தான். எழ முடியாமல் கிடந்த பசு பார்த்தீனிய வாசனை பிடித்து எழுந்தது. தள்ளாடி வந்து, எரிகிற கட்டுக்குள் வாயை விட்டது. தாரணி கதறிக்கொண்டு கழுத்தைப் பிடித்து இழுத்தாள். பசு தின்றுகொண்டே இருந்தது.