ராக்கெட் கேசட்

“இன்னிக்கும் ராக்கெட்டைச் சுட்டுக்கிட்டு உக்காந்தீங்கன்னா, அந்தக் கேசட்டையே அழிச்சிடுவேன்!”

“அழிச்சுத்தான் பாரேன்” என்றார் கணவர், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

டிவியில் மாட்டுகிற அந்தக் கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து அவளுக்கு வீட்டில் பேச்சுத்துணை இல்லை. ஒவ்வொரு தடவையும் கேசட்டைப் போட்டு ஓடவிட்டால்தான் விளையாட்டே வரும். கேசட் போனால் விளையாட்டும் போச்சு.

மறுநாள் அவர் வேலைக்குக் கிளம்பியதும் டிராயரைத் திறந்தாள். உள்ளே இரண்டே கேசட். ‘அப்பா’ என்று ஸ்டிக்கர் ஒட்டியதை எடுத்துக் கண்ணில் ஒற்றி, பத்திரமாக ஓரத்தில் வைத்தாள். செத்துப்போன அவள் அப்பாவின் குரல் மிச்சமிருப்பது அதில் மட்டும்தான்.

‘ராக்கெட்’ என்றிருந்ததை டேப்பில் போட்டாள். ரெக்கார்டு பட்டனை அமுக்கி, கல்யாணமான நாளிலிருந்து அடக்கிவைத்த வசவையெல்லாம் கேசட் முடியும்வரை கொட்டித் தீர்த்தாள்.

சாயங்காலம் வந்தவர் நேராகக் கம்ப்யூட்டரிடம் போனார். கேசட் கீச்சிட்டு அடங்கியதும் டிவியில் ராக்கெட்டுகள் வெடித்தன.

“எப்படி...?” என்றாள்.

“உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? ராத்திரியே ரெண்டு ஸ்டிக்கரையும் மாத்தி ஒட்டிட்டேன்.” திரும்பிப் பார்க்காமலே சிரித்தார். “‘அப்பா’ன்னு போட்டிருந்தா நீ கை வைக்க மாட்டியே!”