குஞ்சை விரட்டும் நாள்

மூன்றாவது தடவையும் குஞ்சு திரும்பி வந்தது.

குஞ்சு என்ன குஞ்சு! ஓர் ஆளின் இடுப்பளவுக்கு வளர்ந்துவிட்டது. மேலிருந்த மஞ்சள் வரிகள் அழிந்து எத்தனையோ மாதமாகிறது.

தகப்பன் காசோவரி கழுத்தை நீட்டிச் சீறியது.

பறக்கத் தெரியாத பறவை. ஆள் உயரம். கரிய உடல், நீலக் கழுத்து, தொங்கும் இரண்டு சிவப்புச் சதைகள், தலையில் கொம்புக் கொண்டை. காலின் உள்விரலில் கத்தி மாதிரி நகம்.

அந்தக் காலைத்தான் தூக்கியது.

அவன் வாழைத்தோட்டத்து வேலியோரம் நின்று பார்த்தான். குவீன்ஸ்லாந்துக்கு வந்து இருபது வருடம். இந்தப் பறவையின் வீட்டு விஷயமெல்லாம் அவனுக்கு அத்துப்படி. பெட்டை முட்டையிட்டுவிட்டுத் தன்பாட்டில் போய்விடும். ஐம்பது நாள் அடைகாப்பதும் பிறகு வளர்ப்பதும் தகப்பன்.

அது அடித்தொண்டையில் குரல் கொடுத்தால் காதுக்குச் சரியாகக் கேட்காது. நெஞ்சுக்கூட்டில் அதிரும்.

அவன் மகள் ஆரணிக்கு இரண்டு வயதில் அவள் அம்மா வேறொருவருடன் போய்விட்டாள். அவன் தேடிப் போகவில்லை.

இன்று காலை ஆரணி, கட்டிய பெட்டியை அவிழ்த்துவிட்டாள். பிரிஸ்பேனில் பல்கலைக்கழக இடம். பத்து மணிக்குப் பேருந்து.

“நான் போகேல்லை அப்பா. தனிய இருந்து என்ன செய்வியள்?”

அவனுக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. வாழைக்குலை சுமந்து மரத்துப்போன தோள்மாதிரி இருந்தது, உள்ளே எல்லாம்.

காசோவரி இம்முறை ஓடிப்போய் உதைத்தது.

குஞ்சு காட்டுக்குள் மறைந்தது. வரவில்லை.

அவன் வீட்டுக்குப் போனான். அவள் உடுப்புகளை மடிக்காமல் பெட்டிக்குள் அடைத்தான். பெட்டியைத் தெருவில் கொண்டுபோய் வைத்தான்.

“உன்னைச் சுமந்து சுமந்து எனக்கு அலுத்துப் போச்சு. போ.”

பதினெட்டு வருடத்தில் அவளை ஒரு சுடுசொல் சொன்னவனில்லை, பாவி.

ஆரணி அவன் முகத்தையே பார்த்தாள்.

பெட்டியைத் தூக்கினாள்.

திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தான். பார்க்கவில்லை. பேருந்து வளைவில் மறைந்தது.

அப்படியே நின்றான்.

நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. ஒரு தடவை. இன்னொரு தடவை.

காசோவரிதான் என்று காட்டோரம் பார்த்தான்.

அங்கே பறவை இல்லை.