ரேடியோ இல்லாத ஊர்

"கல்யாணமாகிப் பதினாறு வருசத்துல மொதமொத கூட்டிட்டுப் போன ஊரப் பாரு! ரேடியோ இல்ல, மைக் செட் இல்ல. கொட்டுச் சத்தங்கூட அந்த ஊருச் சாமிக்கு ஆகாதாம்!"

பேரையூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கணவனோடு இரண்டு நாள் இருந்துவிட்டு ஆனையூர் வீட்டுக்குள் நுழைந்ததுமே, பாண்டியம்மாள் மகள் பூங்கொடியிடம் பொரிந்தாள்.

"அங்க என்னம்மா செஞ்சீங்க?"

"நான் பேசுனேன், உங்கப்பா கேட்டாரு. வாயத் தொறந்தாலே 'நிப்பாட்டுடி'ம்பாரே, அந்த மனுசன் எங்க ஆத்தா வீட்டு ஆடு காணாமப் போன கதையக்கூட ரெண்டு தடவ சொல்லச் சொன்னாரு!"

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மூன்று மணி ஒலிச்சித்திரம் பாதியில் இருக்கும்போதே, நூல் மில் ஃபிட்டரான கருத்தக்கண்ணன் ரேடியோவை அணைத்தார். மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "ஒரு பாட்டுப் பாடு தாயி" என்றார்.

"அந்த ஊருச் சாமி நம்ம கூடவே பஸ் ஏறி வந்திருச்சா?" என்று நொடித்தாள் பாண்டியம்மாள்.

பூங்கொடி பாடி முடித்தாள். அவர் கண் கலங்கியிருந்தது.

"என்னய்யா, என்ன ஆச்சு?"

"இருபது வருச மில் இரைச்சல், பாண்டி. வருசக் கடைசிக்குள்ள ரெண்டு காதும் முழுசாப் போயிரும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதுக்குள்ள உங்க குரலையெல்லாம் ஆசை தீரக் கேட்டுக்கிறேன்."

பதினாறு வருசத்தில் முதல் முறையாகப் பாண்டியம்மாள் வாயடைத்து நின்றாள்.

கருத்தக்கண்ணன் பதறிப்போனார்.

"அடியே, நிப்பாட்டிறாதடி!"