கடைசி வீட்டுக்குத் தண்ணீர்

செவ்வாய், மார்ச் 11. இன்றைய தவறு: சொட்டு எண்ணியதில் பிசகிவிட்டேன்.

ஐசியூவில் ஐந்தாம் கட்டில். அந்த அம்மாவுக்கு ரத்தத்தில் கிருமி பரவி, செப்டிக் ஷாக். காலையில் கொண்டுவந்தபோது ரத்த அழுத்தம் அதல பாதாளத்தில் இருந்தது. மூன்று பாட்டில் சலைனை மளமளவென்று ஏற்றியதும் கண்ணைத் திறந்து, கணவரிடம், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

கணவர் தெருக்களுக்குக் குடிநீர் வால்வு திறந்துவிடுபவர். அதற்குள் அவருக்கு வார்டில் 'வால்வுக்காரர்' என்று பெயர் விழுந்துவிட்டது. "பாத்தியாம்மா, தண்ணி போனதும் செடி நிமிந்துடுச்சு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மதியம் டாக்டர் அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பரிசோதித்தார். "போதும். இதுக்கு மேல ஊத்தினா நுரையீரல்ல நீர் கோத்துக்கும். பிரஷருக்கு மருந்து ஓடட்டும். சலைன் நிமிஷத்துக்கு இருபது சொட்டு, அவ்வளவுதான்."

பகலில் வார்டு, மாலையில் வகுப்பு என்று ஓடும் பயிற்சி நர்ஸ் நான். வாட்சைப் பார்த்து மூன்று முறை எண்ணி, குழாயில் இருந்த சின்னச் சக்கரத்தை உருட்டி இருபதில் நிறுத்தினேன்.

வால்வுக்காரர் உள்ளே வந்து மனைவியின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சொட்டைப் பார்த்தார். "காலு இன்னும் சில்லுனு இருக்கே. கடைசி வீட்டுக்குத் தண்ணி எட்டலம்மா."

"பாத்துக்கலாம் ஐயா" என்றேன். அடுத்த கட்டிலில் கூப்பிட்டார்கள், ஓடினேன்.

அரை மணி கழித்து வந்து பார்த்தால் பாட்டில் காலி. எட்டு மணி நேரம் வர வேண்டியது! எனக்கு எப்போதுமே கணக்கு உதைக்கும். யாரிடமும் மூச்சு விடாமல் புதுப் பாட்டில் மாட்டி, இன்னொரு முறை எண்ணி வைத்தேன். அதுவும் அப்படியே தீர்ந்தது.

நாலு மணிக்கு அந்த அம்மா மூச்சுத் திணறினார். டாக்டர் ஓடிவந்து சலைன் குழாயைக் கழற்றி, ஆக்சிஜனைக் கூட்டி, நீர் பிரிய ஊசி போட்டார்.

சீனியர் சிஸ்டர் காலிப் பாட்டில்களைத் தூக்கிக் காட்டினார். "உன் வாட்ச்ல நிமிஷத்துக்கு எத்தன செகண்டும்மா? கொன்னுருப்பியே! நாளைலேருந்து ஐசியூ பக்கம் தல காட்டாத."

"என் தப்புதான் சிஸ்டர். எனக்கு எண்ணத் தெரியல."

வால்வுக்காரர் சுவரோடு சுவராக நின்றிருந்தார்.

ஆறு மணிக்கு மூச்சு கொஞ்சம் அடங்கியது. ஆபத்து நீங்கிவிட்டதாக டாக்டர் இன்னும் சொல்லவில்லை. வகுப்புக்குப் போகும் முன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, 'நாளை: சொட்டு எண்ணிப் பழக வேண்டும்' என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

எதிரே வால்வுக்காரர் வந்து நின்றார்.

"நீ சரியாத்தாம்மா எண்ணின. நீ அந்தப் பக்கம் போனதும் ரெண்டு தடவையும் நான்தான் சக்கரத்தத் திறந்துவிட்டேன்."

"ஐயோ, ஏங்கய்யா?"

"காலைல வேகமா விட்டப்போதானே அவ கண்ணு முழிச்சா? நீ ஏன் கொறைச்சேன்னு எனக்கு யாரும் சொல்லலியேம்மா."

எழுதியதை அடித்தேன்.

நாளை: எந்த வார்டில் போட்டாலும், சக்கரத்தைத் தொடும் முன் பக்கத்தில் இருப்பவரிடம் காரணத்தைச் சொல்ல வேண்டும்.