குணத்துக்கான மதிப்பெண்

"மாட்டுக்கெல்லாம் மார்க் போடறீங்களே மாமா, எனக்கு எவ்வளவு?" என்று ஒருநாள் கோதைநாயகி கேட்டாள். "குணத்துல நீ பெயிலு," என்றான், மாட்டுத் தேர்வுகளில் நடுவராக இருக்கும் அவள் கணவன் கதிரவேல். இருவரும் சிரித்தார்கள். பிறகு ஒரு சண்டையில் அதையே சிரிக்காமல் சொன்னான். அவள் தான் வளர்த்த சாம்பல்நிற மயிலைப் பசுவுடன் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். இன்று நல்ல இன மாடுகளைப் பதிவுக்குத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் அந்தப் பசுவைப் பிடித்துக்கொண்டு அவன் முன் நின்றாள். மாட்டையும் அவளையும் தெரியாதவன்போலக் கொம்புக்கும் திமிலுக்கும் நடைக்கும் மதிப்பெண் எழுதினான். கடைசியாகக் குணம். அந்நியர் தொட்டாலும் மிரளாமல் நிற்க வேண்டும். அவன் கை வைத்ததும் பசு திரும்பி, பழையபடி வெல்லத்துக்காக அவன் சட்டைப்பையை முட்டியது. "தெரிஞ்ச மாடுங்களா?" என்றார் உடனிருந்த கால்நடை டாக்டர். "எங்கூட்டு மாடுங்க. நான் மார்க் போடக்கூடாது," என்று பேனாவை மூடினான். பிறகு, இத்தனை மாதமாக வாய்வரை வந்து நின்றதை அவளிடம் சொன்னான். "ஊட்டுக்கு வந்துரு, கோதை."