மிளகுக் காணிக்கை

பினாங்குத் தீவில் கடவுளோடு பேச்சை நிறுத்திக்கொண்ட முதல் மனிதர், மிளகுக் கிட்டங்கியில் மூட்டை நிறுக்கும் பால்ராஜ்தான். இதை அவரே மூன்று தெருக்களில் அறிவித்திருக்கிறார். மகள் செசிலி காய்ச்சலில் போய் நாற்பது நாள் ஆகிறது. அன்று முதல் கோவிலுக்குள் அவர் கால் வைப்பதில்லை, வாசலில் நின்று திட்டுவதோடு சரி. இன்றும் நிற்கிறார். சாய்வெயில் அவர் நெற்றியில் நேராக அடிக்கிறது. பின்னால் ஒரு ரிக்‌ஷா மணி, வழி கேட்டுக் கேட்டு ஓய்கிறது. முற்றத்துச் செபஸ்தியார் சுரூபத்தின் காலடியில் மனைவி ஐரீன், மனப்பாரம் இறங்க வேண்டிக்கொண்டு, உப்பும் மிளகும் கொட்டுகிறாள். பழைய குவியலின் மேல் புதியது சரசரவென்று சரிகிறது.

“கொட்டு, கொட்டு! கொஞ்சம் புளியும் கொண்டாந்திருந்தா, செபஸ்தியாரு ரசமே வச்சிருப்பாருலா!” என்று கத்துகிறார் பால்ராஜ்.

“நல்லாக் கத்துங்க. போன செவ்வாக்கெழம இங்க வந்துட்டுப் போனப்புறந்தான் எனக்குத் தூக்கமே வருது,” என்கிறாள் ஐரீன், திரும்பாமலே. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கோவிலுக்குள் போகிறாள்.

அவர் பல்லைக் கடிக்கிறார். தெருவை இரு பக்கமும் பார்க்கிறார். செருப்பைக் கழற்றி விட்டு முற்றத்துக்குள் வந்து, சட்டைப்பையை வெளியே இழுத்து உதறுகிறார். கிட்டங்கியிலிருந்து ஒட்டிவந்த நாலைந்து மிளகு குவியலில் விழுகின்றன. கோபத்தில் இறுக்கிய மறுகை முஷ்டி இன்னும் பிரியவில்லை. கோபுரத்துச் சிலுவையை அண்ணாந்து பார்த்து, தாழ்ந்த குரலில் கேட்கிறார்:

“இந்தா, வச்சிட்டேன். எம்புள்ளைய எங்க வச்சிருக்க?”